உயிரெழுத்து இல்லாத ஊர்

ரயில் நிலையப் பலகையில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும்
அப்பா சிரித்தாராம்.
வரிசையாக மெய்யெழுத்து, தேடினாலும் உயிர் இல்லை:
கும் புரூயின்.
உயிர்க்குறி இடாமல் எழுதிவிட்டு
வாசிப்பவன் வாயை நம்பும் மொழியிலிருந்து வந்தவர்,
அஸ்யூத் பருத்தித் தரகரின் மகன், லபீப் புக்தோர்.
அறுபத்து நான்கு, நவம்பர், வேல்ஸ்.
மழை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நோயாளி ஒரு நாய்.
புது டாக்டரைச் சோதிக்க
ஹைவல் ப்ராசர் தூக்கிக்கொண்டு வந்தது.
அப்பா அதன் காதைத் துடைத்தார், சீட்டு எழுதினார்:
வயது ஏழு. புகைப்பதில்லை. சுரங்கத்தில் இறங்கக் கூடாது.
மறுநாள் வரிசை தெருமுனை தாண்டி நின்றது.

அப்புறம் முப்பத்தொரு வருடம் நெஞ்சு.
நெஞ்சு, நெஞ்சு, இன்னும் ஒரு நெஞ்சு.
நிலக்கரி வாரியத்து டாக்டர்
'புகைப்பழக்கம்' என்று எழுதிய இடத்தில்
அப்பா 'தூசி' என்று எழுதுவார்.
அந்த ஒரு சொல்லில் வாரக்கூலி இருந்தது,
விதவைக்கு இலவச நிலக்கரி இருந்தது.
கொன்றதையே மூட்டை கட்டி
வாசலில் கொட்டிப் போவார்கள்.
விசாரணைக் குழுவில் ஒருவர் கேட்டார்:
எங்கே படித்தீர்கள், டாக்டர்?
கெய்ரோ. அங்கேயும் ஆளுக்கு நுரையீரல் இரண்டுதான்.

அம்மா நர்கெஸ் மருந்தியல் படித்தவள்.
அவர் பட்டம் கடல் கடந்தது,
அவளுடையது நனைந்துவிட்டது.
இரவில் கதவு தட்டினால் எழுவது அவள்.
பனிக்குடம் உடைந்ததா, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வலி,
எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு
பிறகுதான் அவரை எழுப்புவாள்.
அவர் கிறுக்கலை மருந்துக்கடை எம்லினுக்குத்
தொலைபேசியில் வாசித்துக் காட்டுவாள்.
இரண்டு முறை அளவைத் திருத்தியிருக்கிறாள்.
அவரிடம் சொன்னதில்லை. என்னிடம் சொன்னாள்.

ஐம்பத்தைந்து நாள் நோன்பு. தினமும் அவித்த அவரைக்கொட்டை.
வறுமை போலும் என்று நினைத்து
பக்கத்து வீட்டு மெயர் ஆட்டுத்தொடை கொண்டுவந்தாள்.
அம்மா வாங்கிக்கொண்டாள்.
கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத் தின்றோம்.

டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு டாக்டர் கிடையாது.
எனக்குத் தட்டம்மை கண்டபோது
அறைவாசலில் நின்று "தட்டம்மை" என்றார்,
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
நான் ஸ்வான்சியில் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறேன்.
"மகள் போக்குவரத்துத் துறையில்" என்பார், துறை என்பதை அழுத்தி.

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன்.
ஒரு குளிர்காலம் முழுக்க அம்மா இருமினாள்.
பள்ளத்தாக்கின் நெஞ்சிலெல்லாம் காது வைத்தவர்
மேசைக்கு எதிர்ப்பக்கம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே
"வெந்நீர் குடி" என்றார்.
ஏப்ரலில் எக்ஸ்ரே படம் வந்தது.
உறையிலிருந்து எடுக்க அவருக்குக் கை வரவில்லை.
எங்கே பார்ப்பதென்று தெரியாத நான்தான்
ஜன்னலில் பிடித்தேன்.
அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின் பதினாறு வருடம்.
கடையில், பேருந்தில், யார் இருமினாலும் எழுந்து போவார்:
எத்தனை நாளாக?
சிலர் பதில் சொன்னார்கள். ஒருவன் தள்ளிவிட்டான்.

அடக்கத்துக்குக் கார்டிஃபிலிருந்து பாதிரியார் வரவேண்டும்,
சாலையில் வெள்ளம், தாமதம்.
காத்திருந்த நேரத்துக்கு ஆண்கள் பாடினார்கள்.
பாட மூச்சில்லாதவர்கள்
சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாயசைத்தார்கள்.

அம்மாவின் கல்லிலேயே அவருக்கும் இடம்.
அடியில், எங்கள் எழுத்தில், குடும்பப் பெயர்
அவளுக்காக வெட்டியது முன்பே இருந்தது.
கல்தச்சன் தடவிப் பார்த்துக் கேட்டான்,
இதில் எழுத்து எதுவும் விட்டுப்போகவில்லையே?
இல்லை. நான்கு எழுத்து, நான்கும் மெய்.
"எங்கள் ஊர்ப்பெயர் மாதிரி" என்றான்,
உளியைத் துடைத்துப் பையில் போட்டான்.